மிதவையின் எடை அதன் வயிற்றில் இல்லை

ரேடியோவில் இயக்கும் ஆர்.சி. மாதிரி விமானத்துக்கு மிதவை கட்டலாம் என்று யோசிக்கிறவர்கள் முதலில் எழுப்புவது ‘எந்தப் பொருளில் செய்தால் லேசாக இருக்கும்’ என்ற கேள்வியைத்தான். பால்சா என்பார் ஒருவர். வெள்ளைத் தெர்மோகோலை மிஞ்ச எதுவும் கிடையாது என்பார் இன்னொருவர். நீல நிற எக்ஸ்.பி.எஸ். பலகை, டெப்ரான் தாள் என்று ஆளுக்கொரு கட்சி. கட்சி எதுவானாலும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: மிதவையின் எடையைத் தீர்மானிப்பது அதன் உள்ளே இருக்கும் பொருள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. இரண்டு மூன்று கிலோ விமானங்களில், மிதவைத் தொகுதியின் எடையில் பெரும்பங்கு மேல்தோலிலும், விமானத்தோடு அதைப் பிணைக்கும் கம்பிகளிலும், சில வேளை உள்ளே புகுந்த தண்ணீரிலும் இருக்கிறது. வயிற்றை நிரப்பும் நுரைக்கு அதில் பாதிகூடத் தேறாது. ஆகவே எடை குறைக்கக் கை வைக்க வேண்டிய இடம் வேறு. கை வைக்கவே கூடாத இடமும் ஒன்று உண்டு; பெரும்பாலோர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். பைப்பர் ஜே-3 கப். மிதவை போட்டுப் பறக்கவிட இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது அரிது. அசல் விமானத்தின் இறக்கை 10.74 மீட்டர், உடல் நீளம் 6.83 மீட்டர், அதிகபட்ச எடை 553 கிலோ. ஆறில் ஒரு பங்கு அளவில் செய்தால் இறக்கை 1.79 மீட்டர், உடல் 1.14 மீட்டர். ஆனால் எடை ஆறில் ஒன்றாகக் குறைந்தால் போதாது. அது கன அளவோடு சேர்ந்து 216-இல் ஒன்றாகக் குறைய வேண்டும். 553-ஐ 216-ஆல் வகுத்தால் 2.56 கிலோ. மிதவை, பேட்டரி எல்லாம் சேர்த்து இரண்டரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். இனி மிதவையின் கொள்ளளவு. மனிதர் ஏறும் சிறு விமானங்களுக்கு அமெரிக்க விதிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது இது: ஒவ்வொரு பிரதான மிதவையும் தன் பங்குக்குத் தாங்கவேண்டிய எடையைவிட 80 சதவீதம் கூடுதலாக நன்னீரில் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். நம் மாதிரிக்கு இது 2.5 லிட்டரின் 1.8 மடங்கு, அதாவது 4.5 லிட்டர்; மிதவை ஒன்றுக்கு 2.25 லிட்டர். உடல் நீளத்தில் முக்கால் பங்கு என்ற பழக்கமான அளவை எடுத்தால் மிதவையின் நீளம் 85 செ.மீ. அகன்ற இடத்தில் ஏழரை செ.மீ. அகலமும் ஆறு செ.மீ.க்குச் சற்று மேல் ஆழமும் இருந்தால், முன்னும் பின்னும் ஒடுங்கியது போக 2.25 லிட்டர் வந்துவிடும். நியூயார்க்கின் எடோ நிறுவனம் தன் மிதவைகளுக்குப் பெயராகவே இந்தக் கொள்ளளவை வைத்தது. கப்புக்குப் பொருத்திய எடோ 1320 மிதவை ஒவ்வொன்றும் 1320 பவுண்டு நன்னீரை இடம்பெயர்க்கும். அதை அப்படியே ஆறில் ஒன்றாகச் சுருக்கினால் மிதவைக்கு 2.77 லிட்டர் வரும். நாம் போட்ட கணக்கு அசலைவிடச் சிக்கனமானதுதான். அதற்குக் கீழே போகத் தேவையில்லை.

இப்போது தராசை எடுக்கலாம். பெட்டிக்குள் வரும் சாதாரணத் தெர்மோகோல் லிட்டருக்கு ஏறக்குறைய 15 கிராம். எக்ஸ்.பி.எஸ். பலகை 30 கிராம் பக்கம். 4.5 லிட்டருக்குத் தெர்மோகோல் 70 கிராம், எக்ஸ்.பி.எஸ். 140 கிராம் ஆகும். பொருள் பற்றிய அத்தனை வாதமும் இந்த 70 கிராம் வித்தியாசத்துக்காகத்தான். அடுத்து மேல்தோல். இரண்டு மிதவைகளின் புறப்பரப்பு மொத்தம் 0.36 சதுர மீட்டர் அளவில் இருக்கும். சதுர மீட்டருக்கு 25 கிராம் உள்ள மெல்லிய ஃபைபர் கிளாஸ் துணியைப் போர்த்தினால் துணி 9 கிராம். அதை நனைக்க அதே எடைக்கு எபாக்சி போதும். ஆக மொத்தம் 18 கிராமில் தோல் முடியும். ஆனால் எபாக்சியைத் தூரிகையில் தோய்த்துப் பூசி, பளபளவென்று காய விட்டால் என்ன ஆகும்? 0.2 மி.மீ. தடிமனுக்கு அது தங்கினாலே சதுர மீட்டருக்கு 220 கிராம். நம் மிதவைகளுக்கு 80 கிராம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடிமனில், தெர்மோகோலைத் தேர்ந்தெடுத்து மிச்சம் பிடித்தது முழுவதும் காணாமல் போகிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தெர்மோகோல் மணிமணியாக ஒட்டிய பொருள். மணிகளுக்கிடையே உள்ள குழிகள் எபாக்சியைக் குடிக்கும். குடித்த பிறகும் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் அதன்மேல் பட்டி, பட்டியின்மேல் பெயின்ட் என்று போகும். எக்ஸ்.பி.எஸ். பலகை உப்புத்தாள் போட்டதும் வழவழப்பாகிவிடும். துணியும் மிகக் கொஞ்சம் ரெசினும் போதும். உள்ளே லேசாக இருக்கும் பொருள் வெளியே கனத்தை வரவழைக்கிறது. பொருளையும் அது கேட்கும் பூச்சையும் சேர்த்து நிறுக்காத ஒப்பீடு எனக்கு ஒப்பீடாகவே படவில்லை.

கம்பியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 4 மி.மீ. ஸ்டீல் கம்பி ஒரு மீட்டர் நீளம் 99 கிராம் எடை உள்ளது. முன்கால் ஒரு ஜோடிக்கு 60 செ.மீ., பின்காலுக்கு 50 செ.மீ., இரண்டு மிதவைகளையும் குறுக்கே இணைக்கும் தண்டுகள் இரண்டுக்கும் 80 செ.மீ. என்று போட்டால் மொத்தம் 1.9 மீட்டர், 190 கிராம். நுரை இரண்டு மிதவைக்கும் 140 கிராம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குத் தண்டு அதிர்ச்சியை வாங்கி வளைய வேண்டிய உறுப்பு இல்லை. இடைவெளி மாறாமல் பிடித்தால் போதும். அங்கே 8 மி.மீ. வெளிவிட்டமும் 1 மி.மீ. சுவரும் உள்ள கார்பன் குழாய் போட்டால் 80 செ.மீ.க்கு 27 கிராம். பின்கால் இறங்கும்போது வாங்கும் அடி முன்காலைவிடக் குறைவு, 3 மி.மீ. கம்பி போதும், 28 கிராம். முன்காலை மட்டும் 4 மி.மீ. ஸ்டீலாகவே விட்டுவிடலாம், 60 கிராம். மொத்தம் 115. மிச்சம் 75 கிராம், அதாவது தெர்மோகோலுக்கும் எக்ஸ்.பி.எஸ்.ஸுக்கும் உள்ள முழு வித்தியாசமும் இங்கேயே கிடைத்துவிட்டது. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, நாலு மி.மீ.யிலிருந்து மூன்றுக்கு இறங்கினால் எடை ஏறக்குறைய பாதியாகும்போது விறைப்பு மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும் என்று இதற்கு ஓர் ஆட்சேபம் வரும். சரியான ஆட்சேபம்தான். ஆனால் விறைப்பைக் கம்பியின் பருமனிலிருந்துதான் பெற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரிய மிதவை விமானங்களின் கால்களுக்கிடையே குறுக்கும் மறுக்குமாக மெல்லிய இழுகம்பிகள் போவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்குப் போட்டவை அல்ல. முக்கோணமாகக் கட்டிய சட்டகத்தில் மெல்லிய உறுப்பும் அசையாது. மாதிரி விமானத்தில் அதே வேலையைச் சில கிராம் எடையுள்ள மெல்லிய எஃகு இழைக் கயிறு செய்துவிடும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம். எக்ஸ்.பி.எஸ். வயிறு 140, துணியும் ரெசினும் 18, விளிம்புப் பட்டைகளும் பிளைவுட் துண்டுகளும் ஒரு 35, கம்பி 115. மொத்தம் 310 கிராமுக்குள் முடிகிறது. தெர்மோகோல் வயிறு 70, தாராளமான எபாக்சியும் துணியும் பெயின்டும் 125, கனத்த பிளைவுட் 40, எல்லாக் காலும் 4 மி.மீ. ஸ்டீல் என்றால் 190. மொத்தம் 425. வயிறு பாதி எடையுள்ள மிதவை, கடைசியில் 115 கிராம் அதிகமாக நிற்கிறது. இந்த எண்கள் ஒவ்வொருவர் கைக்கும் கொஞ்சம் மாறும். எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறாது.

இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான முடிவு கொள்ளளவு பற்றியது. எக்ஸ்.பி.எஸ்.ஸில் ஒரு லிட்டர் கூடுதல் கொள்ளளவின் விலை 30 கிராம். தோலையும் சேர்த்தால் இன்னும் சில கிராம். மிதவையை ஒல்லியாக்கி 180 சதவீதத்திலிருந்து 150 சதவீதத்துக்கு இறக்கினால் குறைவது முக்கால் லிட்டர். மிச்சம் 22 கிராம் சொச்சம். பதிலுக்கு இழப்பது மூக்கின் தாங்குதிறன். விமானம் வேகமெடுக்கும்போது இழுவிசை மேலே இருக்கிறது, தண்ணீரின் தடை கீழே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மூக்கைக் கீழே அழுத்தும். பின்காற்றில் மெதுவாக ஊர்ந்துபோகும்போது வாலை அடித்துத் தூக்கும் காற்றும் அதையேதான் செய்யும். அந்த நேரம் மிதவையின் முன்பகுதியில் மூழ்காத கொள்ளளவு மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு புதைந்து விமானம் குப்புறக் கவிழும். ரிசீவரும் ஸ்பீடு கன்ட்ரோலரும் பேட்டரியும் தண்ணீருக்குள். 22 கிராமுக்காக யாரும் செய்யத் தகாத பேரம். மெல்லிய, அழகான, பந்தய விமானத்து மிதவை போன்ற வடிவங்கள் மீது எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அவற்றை ஓட்டியவர்கள் பரந்த கடல்நீரும் காத்திருக்கும் மீட்புப் படகும் வைத்திருந்தார்கள்.

இனி வரும் ஆட்சேபங்களில் வலுவானது இது: இன்றைய பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ பேட்டரியும் இருக்கும்போது நூறு கிராமுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? மிதவை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் நிலையிலிருந்து மேலெழும்பிச் சறுக்கும் நிலைக்கு மாறும் இடத்தில்தான் நீர்த்தடை மிக அதிகம். ஒழுங்கான மிதவையில் அது விமான எடையில் நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில் நின்றுவிடும். விமானத்தின் எடைக்குச் சமமாகவே இழுக்கக்கூடிய மோட்டார் இருந்தால் அந்தத் தடையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. உண்மை. எழும்புவது பிரச்சினை இல்லைதான். இறங்குவதை மோட்டார் பார்த்துக்கொள்ளாது. விமானம் 10 சதவீதம் கனத்தால், இறக்கையின் பரப்பு மாறாததால், அது விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். எடையும் கூடி வேகமும் கூடுவதால் தண்ணீரைத் தொடும் கணத்தில் மிதவையும் கால்களும் வாங்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் ஏறும். அதைத் தாங்கக் கம்பியைத் தடிப்பாக்கத் தோன்றும். தடித்த கம்பி மறுபடி எடையைக் கூட்டும். இந்தச் சுழலுக்குள் போய்விட்டால் வெளியே வருவது கஷ்டம்.

இங்கே வில்லியம் ஃப்ரூடை நினைக்காமல் இருக்க முடியாது. 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கியில் நீர்த்தொட்டி கட்டி, சின்னக் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்து, மாதிரியில் கிடைக்கும் அலைத்தடையை அசலுக்கு எப்படிப் பெருக்குவது என்று வழிசொன்னவர் அவர். நீளம் ஆறில் ஒன்றானால் வேகம் ஆறின் வர்க்கமூலத்தால் வகுபடும், எடை 216-ஆல் வகுபடும். இந்த விகிதம் காப்பாற்றப்பட்டால் மாதிரி எழுப்பும் அலையும் அசல் எழுப்பும் அலையும் ஒரே உருவில் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டால் நூறு கிராமின் மதிப்பு தெரியும். ஆறில் ஒரு பங்கு மாதிரியில் ஏறும் ஒவ்வொரு 100 கிராமும் அசல் விமானத்தில் 21.6 கிலோ. மேலே கண்ட 115 கிராம் வித்தியாசம் அசலில் 25 கிலோ. மாதிரி மூன்று கிலோவுக்குப் போய்விட்டால் அது 648 கிலோ எடையுள்ள கப். அனுமதித்த எடைக்கு மேலே 95 கிலோ. அப்படி ஒரு கப்பைத் தண்ணீரில் இறக்க எந்த விமானியும் ஒப்பமாட்டார். அதன் மாதிரியை இறக்க நாம் ஒப்புக்கொள்வது, அதில் உட்கார்ந்திருப்பது நாம் இல்லை என்பதால்தான்.

இரண்டாவது ஆட்சேபம்: மிதவையில் இருக்கும் எடை கீழே இருக்கும் எடை, அது விமானத்தைக் கவிழாமல் பிடிக்கும், எனவே கொஞ்சம் கனம் நல்லது. கேட்கும்போது நியாயமாகவே படும். ஒரு கப்பலின் நிலைத்தன்மையைக் கணக்கிடும் அதே முறையில் இதையும் கணக்கிடலாம். நீர்மட்டத்தில் மிதவை வெட்டும் பரப்பு ஒவ்வொன்றுக்கும் 500 சதுர செ.மீ. அளவில் இருக்கும். மிதவைகள் நடுவிலிருந்து நடுவரை 40 செ.மீ. தள்ளி நிற்கின்றன. இடம்பெயரும் நீர் 2500 கன செ.மீ. இவற்றை வைத்துப் பார்த்தால், விமானம் பக்கவாட்டில் சாயும்போது அதை நிமிர்த்தும் புள்ளி, அதாவது மிதவை மையமேல் புள்ளி, தண்ணீருக்கு மேலே ஏறக்குறைய 160 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. விமானத்தின் ஈர்ப்பு மையமோ 25 செ.மீ. உயரத்தில். நூறு கிராமை மிதவையில் கூட்டி ஈர்ப்பு மையத்தை ஒரு செ.மீ. இறக்கினால், 135 செ.மீ. இடைவெளி 136 ஆகும். நிலைத்தன்மையைத் தருவது மிதவைகளுக்கிடையே உள்ள தூரம். அதன் வர்க்கத்துக்கு ஏற்ப அது வளர்கிறது. குறுக்குத் தண்டுகளை இரண்டு செ.மீ. நீட்டினால் ஒன்றரைக் கிராம்கூட ஆகாத செலவில் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். 1931-இல் ஷ்னைடர் கோப்பையை வென்ற சூப்பர்மரின் எஸ்.6பி தன் எரிபொருளையே மிதவைகளில்தானே சுமந்தது என்று யாராவது கேட்கலாம். சுமந்தது. இறக்கைத் தோல் முழுவதும் எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டராகிவிட்டதால் எரிபொருளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. வலது மிதவையில் கூடுதலாக எரிபொருள் வைத்தது, ராட்சத எஞ்சினின் முறுக்கு விசை இடது மிதவையைத் தண்ணீருக்குள் அழுத்துவதை ஈடுசெய்ய. அதை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செல் கனத்தை விரும்பி மிதவையில் ஏற்றவில்லை.

கனம் எவ்வளவு என்பது ஒரு பக்கம். அது எங்கே இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. விமானம் திரும்புவதையும் மூக்கைத் தூக்குவதையும் எதிர்க்கும் சுழல் தடை, தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஈர்ப்பு மையத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி மிதவையின் நுனியில் இருக்கும் 10 கிராம், 10 செ.மீ. தள்ளி இருக்கும் 160 கிராமுக்குச் சமமான சோம்பலை உண்டாக்கும். பெயின்ட், பட்டி, மூக்கு ரப்பர், பின்நுனி நீர்ச்சுக்கான் எல்லாமே நுனிகளில் சேரும் சமாச்சாரங்கள். நீர்ச்சுக்கான் 15 கிராம் என்று வையுங்கள். அது 40 செ.மீ. பின்னால் இருப்பதால், விமானத்தைச் சமன்செய்ய 30 செ.மீ. முன்னால் 20 கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். 15 கிராம் பொருள் 35 கிராமாக வளர்ந்துவிட்டது. ஒரு மிதவையில் ஒரே சுக்கான் போதும். இரண்டிலும் வைப்பது படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவே.

பால்சா கட்சிக்கு வருவோம். உள்ளே வெற்றிடம் விட்டு, பலகைத் தடுப்புகளின்மேல் பால்சாத் தகடு ஒட்டிக் கட்டிய மிதவைதான் மரபான முறை. உள்ளே காற்று, காற்றைவிட லேசானது என்ன இருக்கிறது? ஆனால் காற்றைச் சுற்றி நிற்கும் சுவருக்கு எடை உண்டு. 2.4 மி.மீ. தகடு, நடுத்தர அடர்த்தியுள்ள பால்சா என்றால் 0.36 சதுர மீட்டருக்கு 120 கிராம். தடுப்புகள், பசை, மேலே சுருக்கிப் போர்த்தும் ஃபிலிம் எல்லாம் சேர்த்தால் 180, 190 என்று நிற்கும். எக்ஸ்.பி.எஸ்.ஸும் துணியும் சேர்ந்தே 158-தான். சரி, நல்ல கை உள்ளவர் இன்னும் மெல்லிய தகட்டில் கட்டிச் சமமாக்கிவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வெற்று மிதவைக்கு ஒரு தீராத தொல்லை உண்டு. நம் ஊர் வெயிலில் கரையில் கிடக்கும் மிதவையின் உள்காற்று 50 பாகைக்குச் சூடேறும். அதை 28 பாகை உள்ள ஏரித் தண்ணீரில் இறக்கினால் காற்று சுருங்கும். ஏறத்தாழ 7 சதவீதம். எங்காவது ஓர் ஊசித்துளை இருந்தாலும் அந்தச் சுருக்கம் தண்ணீரை உள்ளே இழுக்கும், 2.25 லிட்டர் மிதவைக்கு அதிகபட்சம் 150 கன செ.மீ. வரை. 150 கிராம். அதுவும் ஒரே மிதவையில், அடைபடாமல் ஆடும் தண்ணீராக. விமானம் மூக்கைத் தூக்கினால் அது முழுவதும் பின்னால் ஓடும், ஈர்ப்பு மையம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அசல் விமானங்களுக்கான விதி, ஒவ்வொரு மிதவையிலும் நீர் புகாத அறைகள் குறைந்தது நான்கு இருக்க வேண்டும் என்று கேட்டதும், விமானிகள் ஒவ்வொரு காலையும் அந்த அறைகளிலிருந்து பம்ப் வைத்து நீரை இறைப்பதும் இதனால்தான். நுரை நிரம்பிய மிதவையில் தண்ணீர் ஓடுவதற்கு இடமே இல்லை. நம் கடற்கரைக் கட்டுமரம் வெறும் கட்டைகளின் கூட்டு. உள்ளே நீர் புகுந்து மூழ்குவது என்ற பேச்சே அதற்குக் கிடையாது. இன்று ஃபைபரில் வார்க்கும் படகுகளின் மூடிய அறைகளில் தெர்மோகோலை அடைக்கும்போதும் அதே யோசனைதான் வேலை செய்கிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வாதம் எல்லா அளவுக்கும் பொருந்தாது. நுரையின் எடை கன அளவோடு வளர்கிறது. தோலின் எடை பரப்போடு வளர்கிறது. அதே கப்பை நான்கில் ஒரு பங்கு அளவில் கட்டினால் வயிறு 140 கிராமிலிருந்து 470 கிராமுக்குத் தாவும். அதே தோலோ 18-லிருந்து 40-க்குத்தான் போகும். அங்கே நுரையைக் குடைந்து வெற்றிடம் விடுவதும், அச்சில் வார்த்த ஃபைபர் ஓடும், பால்சாக் கூடும் நிச்சயம் வெல்லும். அந்த அளவில் தடுப்பறைகளும், தரையில் திறந்து தண்ணீரில் இறக்குமுன் மூடும் ஒரு மூச்சுத்துளையும் வைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில், ஒரு கிலோவுக்கும் குறைந்த நுரை விமானங்களுக்குத் துணியும் எபாக்சியும்கூட ஆடம்பரம். டெப்ரான் தாளில் பெட்டியாக ஒட்டி, மூலைகளில் பேக்கிங் டேப் இட்டால் தீர்ந்தது. நான் சொல்வது இரண்டுக்கும் நடுவே உள்ள, பெரும்பாலோர் பறக்கவிடும் அளவுக்கு.

எடையைக் குறைக்கச் சொல்லும் இதே வாதம், சில கிராம்களைத் தாராளமாகச் செலவிடச் சொல்லும் ஓர் இடம் உண்டு. மிதவையின் அடியில், ஈர்ப்பு மையத்துக்குச் சற்றே பின்னால் வரும் படி, ஸ்டெப் என்று நாம் சொல்வது. 1910 மார்ச் 28 அன்று மார்சேய் அருகே பெர் ஏரியில் ஹென்றி ஃபாப்ர் முதன்முதலாகத் தண்ணீரிலிருந்து விமானத்தை எழுப்பியபோது மிதவையில் படி கிடையாது. 1912-இல் க்ளென் கர்ட்டிஸ் தன் பறக்கும் படகை நியூயார்க் மாநிலத்தின் கியூக்கா ஏரியில் எவ்வளவு விரட்டியும் அது தண்ணீரை விட்டுப் பிரியவில்லை. அடிப்பக்கத்தில் ஒரு படியை வெட்டி வைத்தபோதுதான் பிரிந்தது. வளைந்து மேலேறும் பரப்பைத் தண்ணீர் பற்றிக்கொண்டு கீழே உறிஞ்சும். திடீரென்று வெட்டுப்பட்ட விளிம்பு அந்தப் பற்றுதலை அறுத்துக் காற்றை உள்ளே விடும். வேலை முழுவதும் அந்த விளிம்பின் கூர்மையில் இருக்கிறது. மாதிரி விமானத்தில் இது இன்னும் கண்டிப்பானது. நீளத்தைச் சுருக்கலாம், எடையைச் சுருக்கலாம். தண்ணீரின் பரப்பு இழுவிசையைச் சுருக்க முடியாது. அது சின்ன மிதவையை விகிதத்தில் அதிக வலுவோடு பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, உப்புத்தாளும் துணியும் சேர்ந்து நுரையின் விளிம்பை 2 மி.மீ. அளவுக்கு உருட்டிவிட்டால், அது அசல் மிதவையில் 12 மி.மீ. உருண்ட விளிம்புக்குச் சமம். அப்படி ஒரு மிதவையை எந்தத் தொழிற்சாலையும் வெளியே அனுப்பாது. எவ்வளவு லேசாகச் செய்தாலும் உருண்ட விளிம்புள்ள மிதவை தண்ணீரை விடாது; பிறகு மோட்டாரைப் பெரிதாக்கிப் பிரித்தெடுக்க வேண்டிவரும். படியின் ஓரத்தில் 0.8 மி.மீ. பிளைவுட் அல்லது பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒட்டி, நுரைக்கு வெளியே ஒரு மயிரிழை நீட்டிவிட்டால் இரண்டு மிதவைக்கும் சேர்த்து ஆவது ஒன்றிரண்டு கிராம்தான். படிக்கு முன்னால் அடியும் பக்கமும் சேரும் ஓரங்களுக்கும் அதேபோல் பட்டை வைத்தால் தெளிக்கும் நீர் புரொப்பெல்லருக்கு ஏறாமல் வெளியே சிதறும். அதற்கும் பத்து கிராமுக்குள்தான்.

பசை விஷயம் சுருக்கமாக. தெர்மோகோலும் எக்ஸ்.பி.எஸ்.ஸும் பாலிஸ்டைரீன்தான்; எபாக்சி அதை அரிக்காது. சாதாரண சூப்பர் க்ளூ, தின்னர், ஸ்ப்ரே பெயின்ட், படகு வார்க்கும் பாலியஸ்டர் ரெசின் எல்லாம் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். துணி போர்த்தத் தண்ணீரில் கலக்கும் பாலியூரித்தேன் வார்னிஷும் உதவும். எபாக்சியைவிட லேசு, கொஞ்சம் மென்மை. எபாக்சியே போடுகிறீர்கள் என்றால், துணியின் இழைகள் நனைந்ததும் பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்தெடுங்கள், வழித்த பிறகு டிஷ்யூ தாளை உருட்டி ஒற்றியெடுங்கள். துணியின் நெசவு மங்கலாகத் தெரிகிற மாதிரி காய்ந்தால் ரெசின் அளவோடு இருக்கிறது. கண்ணாடி மாதிரி மின்னினால், மின்னுவதெல்லாம் வேண்டாத கனம். மிதவையின் அடிப்பக்கம் பறக்கும்போது நூறடி உயரத்தில் இருக்கிறது. அந்தப் பளபளப்பைப் பார்க்கப்போவது மீன்கள்.

கடைசியாக, காய்ந்த மிதவையின் எடையை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு திருப்திப்பட்டுவிடக் கூடாது. தெர்மோகோலின் மணிகளுக்கிடையே அளவில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் புகுந்தாலே 4.5 லிட்டரில் 90 கிராம். காலையில் லேசாக இருந்த விமானம் மதியம் வேறு விமானமாகிவிடும். மிதவையை ஒரு தொட்டியில் கல் வைத்து அமிழ்த்தி, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்து மறுபடி நிறுக்க வேண்டும். மேற்பரப்பில் ஒட்டிய ஈரத்துக்கு இரண்டு மூன்று கிராம் விடலாம். அதற்குமேல் ஏறியிருந்தால் தோலில் எங்கோ திறப்பு இருக்கிறது. பெரும்பாலும் கம்பி நுழையும் பிளைவுட் துண்டின் ஓரத்தில்தான் இருக்கும். அங்கே துணியை மடித்து இன்னொரு சுற்று ஒட்டினால் ஆகும் எடை ஒரு கிராம். வெற்று மிதவையாக இருந்தால் சோதனை இன்னும் சுலபம். வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தினால் உள்காற்று விரிந்து, எந்தத் துளை வழியாக நாளைக்குத் தண்ணீர் உள்ளே போகுமோ அந்தத் துளை வழியாகவே இன்றைக்குக் குமிழியாக வெளியே வரும். பென்சிலால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு, மிதவை நன்றாகக் காய்ந்த பிறகு அடைக்கலாம்.